பாற்குழல்களும் ரப்பர் மரத்தின் பட்டையும்

எருக்கங்கொம்பை ஒடித்தாலும், கள்ளியைக் கீறினாலும், ஆலம்விழுதை அறுத்தாலும் வெண்மையான பால் வடிவதை அறியாத குடியானவர் இலர். பலாக்காயை அரிபவர் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும், வாழைத்தார் வெட்டுபவர் வேட்டியில் கறை படாமல் விலகி நிற்பதும், பப்பாளிக்காயைப் பறிப்பவர் முகத்தில் பால் தெறியாதபடி ஒதுங்கிக்கொள்வதும் இந்தப் பாலின் காரணமாகவே. ஆயினும் இது செடியின் உடலில் எவ்விடத்தில் தங்கியிருக்கிறது, எவ்வாறு உண்டாகிறது என்று ஆராய்ந்தவர் சிலரே. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, களியல் முதலிய பகுதிகளில் ரப்பர் மரம் வைத்திருக்கும் நிலச்சொந்தக்காரருக்கு இது வெறும் சாஸ்திர விசாரணையன்று. அவருடைய தோட்டத்தின் ஆயுள், மரப்பட்டையில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பாகத்தைக் கத்தி என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே நிற்கிறது.

முதலாவதாக ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். பால் என்பது மரத்தின் இரத்தம் என்றும், வேரிலிருந்து கிளைக்கு ஏறிச் செல்லும் சாறு என்றும் பலர் கருதுகின்றனர். வேர் உறிஞ்சும் நீரும் உப்புக்களும் கட்டையின் வழியாக மேலே ஏறுகின்றன. இலைகள் சமைக்கும் சர்க்கரைச் சத்து உட்பட்டையின் வழியாகப் பிற பாகங்களுக்குச் செல்கிறது. பால் இவ்விரண்டில் எதுவுமன்று. அதற்கென்று தனியான குழல்கள் இருக்கின்றன. காயம் படாத வரையில் அது அக்குழல்களில் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். மாங்காய்க் காம்பை முறிக்கையில் பீறிடும் பாலும், வேம்பிலும் கருவேலிலும் கட்டும் பிசினும்கூட இவ்வகையைச் சேர்ந்தவையல்ல. அவை சிற்றறைகளுக்கு இடையே உண்டாகும் சந்துகளில் சேரும் கழிவுப்பொருள் போன்றவை. எருக்கம்பாலும் ரப்பர்ப்பாலும் சிற்றறைக்குள்ளேயே இருக்கும் உயிருள்ள பொருளாகும்.

சிற்றறை என்பது யாது? தேன்கூட்டில் அறை அறையாக அடுக்கியிருப்பதுபோல, ஒவ்வொரு செடியின் உடலும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணிய அறைகளால் ஆனது. ஒவ்வொரு அறைக்கும் சுவர் உண்டு; சுவருக்குள் குழம்பு போன்ற உயிர்ப்பொருளும், அதன் நடுவில் அறையின் வேலைகளை நடத்தும் கரு ஒன்றும் உண்டு. பாற்குழலும் இத்தகைய அறைகளிலிருந்தே தோன்றுகிறது. அது தோன்றும் விதம் எல்லாச் செடிகளிலும் ஒன்றாக இல்லை. ஜெர்மன் தாவர சாஸ்திரியான ஆன்டன் டி பாரி என்பவர் 1877-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் பாற்குழல்களை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். அப்பிரிவினையே இன்றளவும் வழங்கி வருகிறது.

முதல் வகையைக் கூட்டுக்குழல் எனலாம். இதில் நீள்வாட்டில் ஒன்றன்மேலொன்றாக அமைந்த அறைகளின் இடைச்சுவர்கள் கரைந்துபோய், அவ்வரிசை முழுதும் ஒரே குழலாகிவிடுகிறது. மூங்கிலின் கணுத்தடைகளை உள்ளே துளைத்து நீர்க்குழாய் செய்வதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். சில செடிகளில் பக்கச்சுவர்களிலும் துளை ஏற்பட்டு, அடுத்தடுத்த குழல்கள் ஒன்றோடொன்று கூடி வலைபோல் ஆகின்றன. ரப்பர், மரவள்ளி, பப்பாளி, கசகசா ஆகியவை இத்தன்மையுடையவை. வாழையில் அறைவரிசை குழலாவது உண்டு. ஆனால் பக்கத்துக் குழல்களுடன் கூடுவதில்லை.

இரண்டாவது வகை விந்தையானது. எருக்கு, கள்ளி, அரளி, ஆல், அத்தி ஆகியவற்றில் அறைகள் கூடிக் குழலாவதில்லை. ஒரே அறை நீண்டு குழலாகிறது. விதைக்குள் முளை உருவாகும் பருவத்திலேயே, வித்திலைகள் தண்டுடன் சேரும் இடத்தில், இதற்கென்று சில அறைகள் ஒதுங்கிவிடுகின்றன. கள்ளியினத்தில் இவற்றின் எண்ணிக்கை மிகச் சொற்பம். விதை முளைத்துச் செடி வளருங்காலத்தில், மற்ற அறைகள் பிரிந்து பிரிந்து பெருக, இவை மட்டும் பிரியாமல், அவற்றின் இடுக்குகளில் வேர்நுனிபோல் புகுந்து நீண்டுகொண்டே செல்கின்றன. கிளைவிட்டு, தண்டு, இலை, வேர் எங்கும் பரவுகின்றன. உள்ளே இருக்கும் கரு பலவாகப் பெருகினாலும் குறுக்கே சுவர் எழுப்பப்படுவதில்லை. ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்த கள்ளியின் பால் முழுதும், விதையில் இருந்த அந்தச் சில அறைகளின் நீட்சியிலேயே அடங்கியிருக்கிறது என்பது நம்புதற்கரிய உண்மை. தாவர உலகில் இவற்றினும் நீண்ட அறைகள் வேறில்லை என்பர். ரப்பர் மரமும் கள்ளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயிருந்தும், ஒன்று கூட்டுக்குழலும் மற்றது தனிக்குழலும் கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது.

இவ்வேற்றுமைக்குப் பணமதிப்பும் உண்டு. 1942-இல் மலேயா ஜப்பானியர் வசமானபோது நேச நாடுகளுக்கு ரப்பர் வரத்து அற்றுப்போயிற்று. எருக்குக்கு உறவான கிரிப்டோஸ்டீஜியா என்னும் கொடியை ஹெய்தி நாட்டில் பெருவாரியாகப் பயிரிட்டுப் பால் எடுக்க முயன்றனர். கொடியின் தண்டு மெல்லியது. ரப்பர் மரத்தைப்போல் கனத்த பட்டையும் வலைப்பின்னலான குழலும் அதற்கு இல்லை. ஆகையால் நுனி ஒவ்வொன்றையும் கையால் நறுக்கிச் சொட்டுச் சொட்டாகப் பால் சேர்க்கவேண்டி வந்தது. கூலி கட்டவில்லை. 1944-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. பாலுள்ள செடியெல்லாம் வெட்டி எடுத்தற்குரிய செடியாகிவிடாது.

இனி ரப்பர் மரத்துக்கு வருவோம். இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேஸான் காடுகள். 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனையடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை ஏறக்குறைய 2,700. அந்நாற்றுக்களில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டது. இந்தியாவில் வியாபார முறையில் முதல் தோட்டம் 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தொடங்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் சென்னை ராஜ்யத்துடன் சேர்க்கப்படுமுன் திருவிதாங்கூரில் இருந்தமையால் ரப்பர் சாகுபடி அங்கே முன்னரே வேரூன்றியிருந்தது.

அமேஸான் காட்டில் பால் எடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர். கொத்து கட்டை வரையில் பாய்ந்தது. காயம் ஆறிய இடங்களில் முண்டும் முடிச்சும் எழும்பி, அதன்மேல் மறுபடி வெட்ட முடியாமற் போயிற்று. 1888-இல் சிங்கப்பூர்த் தோட்டத்தின் தலைமையை ஏற்ற எச். என். ரிட்லி, கட்டையைத் தொடாமல் பட்டையில் சாய்வாக ஒரு வெட்டு வெட்டி, அடுத்த முறை அதே வெட்டின் கீழ்விளிம்பை மெல்லிய சீவலாகச் சீவும் முறையைக் கண்டார். பழைய காயத்தையே புதுப்பிப்பதால் பால் குறைவதற்குப் பதிலாக முதல் சில வெட்டுகளில் அதிகரிப்பதையும் அவர் கண்டறிந்தார். உலகத்து ரப்பர்த் தோட்டங்களெல்லாம் இன்று கையாளும் முறை இதுவே. பட்டையின் அமைப்பைப் பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும்.

வெட்டுக்கு வந்த மரத்தின் பட்டையை வெளியிலிருந்து உள்ளே நோக்கி மூன்று அடுக்காகக் கொள்ளலாம். மேலே உயிரற்ற தக்கை. அதனுள் கல்போல் கடினமான அறைகள் மிகுந்த வன்பட்டை. இங்கே பாற்குழல்கள் சிலவே, அவையும் சிதைந்தவை. அதற்கும் உள்ளே, பாலும் உணவுச் சத்தும் நிறைந்த மென்பட்டை. மென்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காகிதத்தினும் மெல்லிய ஈரமான படை ஒன்று உண்டு. இதனை வளர்படை என்பர். மரம் பருப்பது இதனால்தான். வளர்படையின் அறைகள் பிரிந்து, உட்புறமாகக் கட்டையையும் வெளிப்புறமாகப் பட்டையையும் ஈன்றுகொண்டே இருக்கின்றன. பட்டையாக ஈன்ற அறைகளில் ஒரு பகுதி அவ்வப்போது பாற்குழலாக மாறுகின்றது. ஒரு சமயத்தில் மாறும் குழல்களெல்லாம் மரத்தைச் சுற்றி ஒரு வளையமாக அமைகின்றன. அடுத்த சமயத்தில் அதற்கு உள்ளே வேறொரு வளையம். இவ்வாறு வளையத்துக்குள் வளையமாக அடுக்கப்படுவதால், புதிய வளையம் வளர்படையை ஒட்டியும், பழையது வெளியே தள்ளப்பட்டும் இருக்கும். வளையங்களின் எண்ணிக்கை மரத்தின் வயதையும் ரகத்தையும் பொறுத்தது. ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்னும் ரகம் அதிகப் பால் கொடுப்பதற்கு இவ்வளையங்கள் மிகுந்திருப்பது ஒரு காரணம்.

ஒரே வளையத்திலுள்ள குழல்கள் பக்கவாட்டில் கூடி வலையாகியுள்ளன. ஆகவே ஓரிடத்தில் அறுத்தால் சுற்றுப்புறத்துக் குழல்களின் பாலும் அங்கே ஓடி வரும். ஆனால் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே தொடர்பு இல்லை. வெளிவளையத்தை மட்டும் அறுப்பவனுக்கு உள்வளையத்தின் பால் ஒரு சொட்டும் கிடையாது. குழல்கள் நெருக்கமாயும் பால் நிறைந்தும் இருப்பதோ வளர்படைக்கு மிக அருகில். இங்கேதான் வெட்டுபவனுக்குச் சங்கடம். ஆழம் குறைந்தால் பால் குறையும்; ஆழம் மிஞ்சினால் வளர்படை அறுபடும். வளர்படைக்கு வெளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை விட்டுவைத்து வெட்டவேண்டும் என்ற விதி இவ்விரண்டுக்கும் நடுவே கண்ட வழியாகும். வளர்படை அறுபட்ட இடத்தில் பட்டை ஒழுங்காகத் திரும்ப வளராது. காயம் ஆறி முண்டு கட்டும். பத்து வருஷங்களுக்குப்பின் அதே இடத்துக்குக் கத்தி திரும்பி வரும்போது சமமான பட்டை இராது. வெட்டுபவன் செய்த தவறு அன்றைக்குத் தெரிவதில்லை. தெரியும்போது அவன் வேறு தோட்டத்தில் இருப்பான்.

வெட்டின் சாய்வுக்கும் காரணம் உண்டு. பாற்குழல்கள் செங்குத்தாக ஏறுவதில்லை. மரத்தின் எதிரில் நிற்பவருக்கு அவை கீழே இடப்புறமிருந்து மேலே வலப்புறமாகச் சில பாகை சாய்ந்து செல்கின்றன. அதனால் வெட்டு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் இருந்தால் அதிகமான குழல்கள் அறுபடும். பாலும் காலில் ஓடி எளிதாகச் சிரட்டையில் விழும். ஒட்டு மரத்துக்கு 30 பாகைச் சாய்வும், விதை மரத்துக்கு 25 பாகைச் சாய்வும் போதுமானது. இடக்கை வாட்டமுள்ளவர் தம் வசதிக்காகச் சாய்வை மாற்றி வெட்டினால் பால் குறைவது வெட்டுபவரின் குற்றமேயன்றி மரத்தின் குற்றமன்று.

பால் வெளியே பாய்வதற்குக் காரணம் குழலின் உள்ளேயுள்ள அழுத்தம். விடியற்காலையில், இலைகள் நீரை ஆவியாக விடாமல் இருக்கும் வேளையில், இவ்வழுத்தம் காற்றின் அழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்டிருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன, பட்டையிலிருந்தும் நீர் இழுக்கப்படுகிறது, அழுத்தம் தாழ்கிறது. காலை ஏழு மணிக்குமுன் வெட்டியதற்கும் பத்து மணிக்கு வெட்டியதற்கும் சிரட்டையில் உள்ள வித்தியாசம் இதனால் உண்டாவதே.

குழலை அறுத்ததும் வெளிவருவது உண்மையில் அந்த உயிரறையின் உட்பொருளே. அதில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை ரப்பர். மிச்சம் பெரும்பாலும் நீர். ரப்பர் நுண்ணிய மணிகளாக மிதக்கிறது. கருவும் உயிர்ப்பொருளின் ஒரு பகுதியும் குழலின் சுவரோடு ஒட்டி உள்ளேயே தங்கிவிடுவதால், இழந்த பால் சர்க்கரைச் சத்திலிருந்து மீண்டும் சமைக்கப்படுகிறது. பாலில் ரப்பர் மணிகளோடு லூட்டாயிடு எனப்படும் மெல்லிய பைகளும் மிதக்கின்றன. குழல் அறுபட்டு அழுத்தம் திடீரென்று குறையும்போது இப்பைகளில் பல வெடிக்கின்றன. அவற்றினுள் இருக்கும் பொருள்கள் ரப்பர் மணிகளை ஒட்டவைத்துக் குழலின் வாயை அடைக்கின்றன. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பால் நிற்பது இதனாலேயே. அடுத்த வெட்டின்போது வெட்டுக்காலில் உரித்தெடுக்கும் ஒட்டுப்பால், இந்த அடைப்பின் வெளித்தொடர்ச்சியே. இவ்வடைப்பு இல்லையேல் மரம் பாலை அளவின்றி இழந்துவிடும்.

எத்திபான் என்னும் மருந்தைப் பட்டையில் தடவினால் இவ்வடைப்புத் தாமதமாகி, பால் நெடுநேரம் ஓடும். வெட்டும் நாட்களைக் குறைத்துக்கொள்பவருக்கு இது உதவியாகும். ஒன்று விட்டு ஒருநாள் வெட்டிக்கொண்டே மருந்தையும் தடவுவது, கறவை மாட்டுக்குத் தீனி போடாமல் இருவேளைக்கு மூன்று வேளை கறப்பதை ஒக்கும்.

குழல் மறுபடி நிறைவதற்கு இரண்டு முதல் மூன்று நாட்கள் பிடிக்கின்றன. மூன்று நாளைக்கு ஒருமுறை வெட்டுக என்று கூறப்படுவதன் ஆதாரம் இது. தினந்தோறும் வெட்டினால் ரப்பர் குறைந்த நீர்ப்பாலே கிடைக்கும். சீவும் பட்டையோ குறைவதில்லை. கணக்கைப் பார்ப்போம். ஒட்டு மரம் 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு அடைந்ததும் வெட்டுக்கு வருகிறது. அங்கிருந்து அடிவரை ஒரு பக்கத்தில் கிடைக்கும் பட்டை ஏறக்குறைய 115 சென்டிமீட்டர். ஒரு சீவலுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒருநாள் விட்டு ஒருநாள், வருஷத்துக்கு 150 வெட்டுக்கு 22½ சென்டிமீட்டர் செலவாகும். ஒரு பக்கம் ஐந்து வருஷம் வரும். இரு பக்கமும் பத்து வருஷம். முதற்பக்கத்துக்குத் திரும்பும்போது அங்கே புதிதாக வளர்ந்த பட்டைக்குப் பத்து வயது ஆகியிருக்கும். வருஷத்துக்கு 300 நாள் வெட்டுபவனுக்கோ ஒரு பக்கம் இரண்டரை வருஷம், இரு பக்கமும் ஐந்து வருஷம். மேலிருந்து திரும்பத் தொடங்கும் பட்டைக்கு ஐந்து வயதே ஆகியிருக்கும். அது கனமும் குழல்வளையமும் போதாதது. புதுப்பட்டை வெட்டுக்குத் தகுதியாக ஏழெட்டு வருஷமாவது வேண்டும்.

மரத்தை இரண்டு மூன்று வருஷக் குத்தகைக்கு விடும் சொந்தக்காரர்கள் இக்கணக்கைக் குத்தகைச் சீட்டில் எழுதிக்கொள்வது அவசியம். குத்தகைக்காரருக்கு நாளைய பட்டையில் பாத்தியதை இல்லை. ஆதலால் அதில் அக்கறையும் இராது. வருஷத்துக்கு இத்தனை வெட்டு, இத்தனை சென்டிமீட்டர் பட்டை என்று வரையறுத்து, மரத்தில் கோடு கிழித்து எல்லை காட்டிவிட்டால் பின்னர் வழக்குக்கு இடமிராது. மறுநடவுக்காக வெட்டி வீழ்த்தப்போகும் கிழமரங்களைக் கடைசி வருஷங்களில் மேலும் கீழும் கடுமையாக வெட்டிக்கொள்வது வேறு விஷயம்; அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

அளவு கடந்து வெட்டப்படும் மரங்களில் பட்டை வறட்சி அதிகமாகக் காணப்படுகிறது. வெட்டின் ஒரு பகுதியில் பால் கசிவு நின்று, நாளடைவில் வெட்டு முழுதும் உலர்ந்துவிடும். மரம் பச்சையாகவே நிற்கும்; இலையில் குறை காணாது; பால் மட்டும் இராது. அதிகப் பால் தரும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 போன்ற ரகங்கள் இதற்கு எளிதில் ஆளாகின்றன. ஆகையால் அவற்றுக்கு மூன்று நாள் முறையே ஏற்றது. வெட்டில் அங்கங்கே உலர்ந்த துண்டுகள் தெரிந்தவுடன் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பது நலம். பால் குறைந்ததே என்று இன்னும் ஆழமாக வெட்டுவது பலரும் செய்யும் பிழை.

காயமே குழலை வளர்க்கிறதோ என்ற ஐயம் நெடுநாளாக இருந்தது. ரிட்லி கண்ட பால்பெருக்கும் இதற்கு ஒரு சான்றாகக் கருதப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் சீன ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனை இதனைத் தெளிவாக்கியது. செடி காயமுற்றபோது தன்னுள் உண்டாக்கும் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் பொருளை இளந்தண்டில் இட்டபோது, வளர்படையிலிருந்து புதிய பாற்குழல்கள் தோன்றின. பூச்சி கடிப்பதையும் கத்தி கீறுவதையும் மரம் ஒரே விதமாக உணர்ந்து, காவலைப் பலப்படுத்துகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். பாலின் தொழிலும் காவலே என்பது இன்று பெரும்பாலோர் கொள்கை. மரம் பட்டினி கிடந்தாலும் சேமித்த ரப்பரை உணவாகத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. எருக்கிலையைத் தின்னும் வரியுடம்புப் புழுவைக் கவனித்தவர்கள், அது முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பின்னர் அதற்கப்பாலுள்ள பாகத்தைத் தின்பதைக் காணலாம். பாற்குழலின் அமைப்பைத் தாவர சாஸ்திரிகளுக்கு முன்னரே புழு அறிந்திருக்கிறது போலும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் பெருவாரியாக முறிந்தன. இத்தகைய சமயங்களில் சேதத்தைக் கணக்கெடுக்கும் கிராம உத்தியோகஸ்தர்கள் மரத்தின் எண்ணிக்கையோடு அதன் பட்டையையும் பார்த்துக் குறிப்பது நியாயமாகும். வெட்டுத் தொடங்கி இரண்டாம் வருஷத்தில் விழுந்த மரமும், இரு பக்கமும் தீர்ந்து புதுப்பட்டையில் வெட்டப்படும் மரமும் சுற்றளவில் ஏறக்குறைய ஒத்திருக்கலாம். சொந்தக்காரர் இழந்தது இரண்டிலும் ஒன்றன்று. எந்தப் பக்கம் வெட்டப்படுகிறது, அதில் எவ்வளவு பட்டை மிச்சம், மறுபக்கம் தொடப்பட்டதா என்னும் மூன்றையும் கேட்டுக் குறித்தால் போதும்.

ரப்பர் விளையாத மாவட்டங்களில் பாற்குழலால் வருமானம் தரும் பயிர் பப்பாளி. இதன் காய்ப்பாலிலுள்ள பப்பெயின் என்னும் பொருள் இறைச்சியை மிருதுவாக்கவும் மருந்துகளுக்கும் வேண்டப்படுகிறது. கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 ரகங்கள் இதற்கு ஏற்றவை. குழல்கள் காய்த்தோலை ஒட்டியே வலையாகப் படர்ந்திருப்பதால் ஆழ்ந்த கீறல் வேண்டுவதில்லை. இரண்டரை முதல் மூன்று மாதமான பச்சைக்காயில், காம்பிலிருந்து நுனி நோக்கி நான்கு கீறல்கள், மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாமல், அதிகாலையில் இடவேண்டும். காய் பழுக்கப் பழுக்கப் பால் குறைந்துவிடும். இரும்புக் கத்தி பட்டால் பால் கறுத்துத் தரம் கெடும். ஆகையால் மூங்கிற்சிம்பையோ துருப்பிடிக்காத எஃகையோ கொண்டு கீறி, கண்ணாடி அல்லது பீங்கான் கலத்தில் ஏந்துதல் வேண்டும். மூன்று நான்கு நாள் கழித்து, முன்னைய கீறல்களுக்கு இடையே மறுபடி கீறலாம்.